கொக்கி சாரின் மேப்பில் ஐந்து சிவப்புப் பொட்டு

பம்பாயில் எத்தனையோ விதமான ஆட்களை வண்டியில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அறிமுகமாகும்போது முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிற மனிதர் இந்த ஊரில் கொக்கி சார் ஒருவர்தான். முதலில் கால். செருப்பு இருக்கிறதா, பாதம் வெடித்திருக்கிறதா, விரலிடுக்கில் அரிப்பு உண்டா. அது முடிந்ததும் கண். நீங்களும் நானும் பார்க்கிற மாதிரி இல்லை. கட்டைவிரலால் கீழிமையைப் பிடித்து இழுத்து, உள்ளே சிவந்திருக்கிறதா வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் ஆன பிறகு, நேரம் மிச்சமிருந்தால், பெயர் கேட்பார்.

செம்பூரில் ஒரு லேபில் முப்பது வருஷம் மைக்ரோஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்து, ஊர் ஜனங்களின் மலத்தில் புழு முட்டை தேடியவர். நாக்குப்பூச்சி, நாடாப்புழு, அமீபா எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். ஆனால் கொக்கிப்புழு சொந்தக்காரன் மாதிரி. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும், குடலில் கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கும் என்று, கேட்டவர்களிடமும் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். அதனால்தான் கொக்கி சார். ரிட்டயர் ஆனபோது லேபில் கழித்துக்கட்டிய பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றைக் கேட்டு வாங்கி, மாட்டுங்கா வீட்டில் டிவி இருந்த இடத்தில் வைத்துவிட்டார். டிவி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் கடையில் இடம் கிடைக்க, வெளியே பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கவேண்டும். கொக்கி சாரோடு போனால் அந்த வேலை இல்லை. மேசை ஓரமாக நின்றுகொண்டு, அங்கே உட்கார்ந்திருப்பவரின் தட்டில் இருக்கும் சேவையைக் காட்டி, "நாக்குப்பூச்சி இதைவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கும்" என்று என்னிடம் சாதாரணமாகச் சொல்லுவார். இரண்டு நிமிடத்தில் எங்களுக்கு மேசை கிடைத்துவிடும். இடம் பிடிக்கவேண்டும் என்று அவர் செய்வதில்லை. அவர் பேச்சே அப்படித்தான். எனக்குத்தான் சேவை சாப்பிடுகிற வழக்கம் விட்டுப்போயிற்று.

அவரிடம் நான் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். ஏழாம் வகுப்போடு வள்ளியூரில் ரயிலேறியவன் நான். சூரத்தில் சாயப்பட்டறை, வாப்பியில் மூட்டை, அஸ்ஸாம் லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டு, கடைசியில் தாராவியில் இரும்பு ஏணி வைத்த ஒரு மாடி ரூமும், பழைய டெம்போ டிராவலர் ஒன்றும் என்று நின்றேன். மழைக்காலம் வந்தால் வண்டிக்கு நல்ல ஓட்டம். கர்ஜத்துக்கு அப்பாலும் முர்பாடு பக்கமும் விவசாயிகள் தங்கள் வீட்டிலேயே இரண்டு ரூம் கட்டி, பம்பாய்க்காரர்களை விருந்தாளியாகத் தங்கவைக்கிறார்கள். லிப்ட் இல்லாமல் இரண்டாம் மாடி ஏறாத குடும்பங்கள் அங்கே போய், வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நாற்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, கடலைமாவுப் பிட்லாவும் சோள ரொட்டி பாக்ரியும் தின்றுவிட்டு வரும். செம்பூர் மீனா மேடம்தான் ஆள் சேர்த்து அனுப்புகிறவர். வண்டி என்னுடையது.

ஒரு மழைக்காலம், நாற்று நட்டுத் திரும்பிய ஒரு பெண்குழந்தைக்குப் பாதமெல்லாம் தடித்து அரிப்பெடுத்தது. அவர்கள் பில்டிங் வாட்ஸாப்பில் அந்தப் பாதத்தின் போட்டோ வந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் அடுத்த டிரிப்பை ரத்து செய்தார்கள். மீனா மேடம் பயந்துபோய், எந்தப் பண்ணை வீடு பத்திரம், எது ஆபத்து என்று பார்த்துச் சொல்ல ஆள் தேடினார். யாரோ கொக்கி சாரைக் கைகாட்டிவிட்டார்கள். அவர் சம்பளம் வேண்டாம் என்றார். வண்டியும் டிரைவரும் மட்டும் போதும் என்றார். டிரைவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால், மேடம் ஆள் அனுப்புகிற ஐந்து பண்ணை வீடுகளையும் பார்த்து, புழு அபாயம் எங்கே எவ்வளவு என்று மேப் போடுவது திட்டம். நாலு சார்ட் பேப்பரை ஒட்டி, மலை, ஆறு, ரோடு எல்லாம் கையாலேயே வரைந்து சுவரில் மாட்டினார். குறி வைப்பதற்கு அவருக்குக் கிடைத்தது வீட்டம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு. சிவப்புப் பொட்டு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, பச்சை என்றால் பத்திரம். பொட்டு அட்டை முழுவதும் காலியானதைப் பார்த்த மாமி, மேப் சுவரைவிட்டு இறங்கினால் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு உல்லாஸ்நகரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சாருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சமையலறையில் மேசை ஒன்று காலியானது என்றார்.

பயணம் தொடங்கிய முதல் நாளே காட்கோபர் தாண்டுவதற்குள் என் காலைப் பார்த்துவிட்டார். எனக்கு வெறுங்காலால் ஆக்சிலேட்டர் மிதித்தால்தான் வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும். செருப்பு சீட்டுக்குப் பின்னால் கிடக்கும், பல நாள் வீட்டிலேயே கிடக்கும்.

"சுடலை, செருப்பு எங்கே?"

"வண்டிக்குள்ள என்ன சார் புழுவா இருக்கு?"

"நீ இறங்கறதே இல்லையா?"

நான் கியரை மாற்றினேன். சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கட்டைவிரல் என் கண்ணை நோக்கி வந்தது. என் கண்ணைத் தொட்டால் இங்கேயே இறக்கிவிட்டுவிடுவேன் என்றேன். விரல் திரும்பிப் போயிற்று. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் வந்தது. தானே தாண்டியதும் டிராபிக் ஹவல்தார் ஒருவர் வண்டியை ஓரம்கட்டச் சொல்லி லைசென்ஸ் கேட்டார். நான் பேப்பரை எடுப்பதற்குள் சார் இறங்கிப்போய் ஹவல்தாரின் கீழிமையை இழுத்துவிட்டார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். இன்றைக்கு லாக்கப்தான் என்று நினைத்தேன். ஹவல்தாரோ தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து, ஆமாம் சாப், படியேறினால் மயக்கமாக வருகிறது என்றார். இருபது நிமிடம் பேசினார்கள். எனக்கு அபராதம் குறையவில்லை. சாருக்கு மட்டும் டீ வந்தது.

முதல் பண்ணை வீடு வசந்த் பாவுவுடையது. பாவு என்றால் மராத்தியில் அண்ணன். நல்ல மனிதர். வரப்போகிற சீசனை நம்பிப் புதிதாக ஒரு ரூம் கட்டிக்கொண்டிருந்தார், சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. நெற்றியில் குங்குமம் வைத்து, தேங்காய் கொடுத்து வரவேற்றார். கொக்கி சார் தேங்காயை வாங்கிக்கொண்டு, கக்கூஸ் எங்கே என்று கேட்டார். அவசரமோ என்று வசந்த் பாவு ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தார். சார் உள்ளே போய், டேப்பை வைத்து, குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தார்.

அவரிடம் எழுதி நிரப்புகிற ஒரு பாரம் இருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. வீட்டுக்காரர் எங்கே போகிறார், சமையல்காரி எங்கே போகிறாள், விருந்தாளிகள் எங்கே, அக்கம்பக்கத்தார் எங்கே, செருப்பு போட்டா போடாமலா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ஆட்டுக்குக் கட்டம், பன்றிக்குக் கட்டம். வசந்த் பாவுவின் நாய்க்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்புவதற்காக அந்த நாயின் பின்னால் வரப்பு வரப்பாக அரைமணி நேரம் நடந்தோம். வெயிலில் எனக்கு மூச்சு வாங்கியது. அந்த வருஷம் எனக்கு எதற்கெடுத்தாலும் மூச்சு வாங்கும். ரூமுக்கு ஏறும் ஏணியில் பாதியில் நின்று ஒரு தரம் இளைப்பாறிவிட்டுத்தான் ஏறுவேன். நாற்பத்திரண்டு வயது என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சார் மூன்று வெள்ளை டப்பாக்களை எடுத்து வசந்த் பாவுவிடம் கொடுத்தார். நீல மூடி. வீட்டில் மூன்று பேர், ஆளுக்கு ஒன்று, காலையில் நிரப்பிக் கொடுக்கவேண்டும். யாருக்கும் கூச்சம் இருக்கக்கூடாது என்பதற்காக டப்பாவில் பெயர் கிடையாது, ஊருக்கு ஒரு நம்பர் மட்டும்தான். முப்பது வருஷ அனுபவத்தில் கண்டுபிடித்த மரியாதை இது என்று பெருமையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் அவர் காலை வாரியது.

சார் குளிக்கப் போனதும் வசந்த் பாவு என்னைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போனார். அவர் மராத்தியும் என் இந்தியும் கலந்து விஷயம் இதுதான்: அவர் மனைவி டப்பாவைக் கையாலும் தொடமாட்டேன் என்றுவிட்டார். அம்மாவிடம் கேட்கவே அவருக்குத் தைரியம் இல்லை. அதோடு, ஏதாவது கண்டுபிடித்து மேப்பில் சிவப்பு வைத்துவிட்டால் புது ரூமும் போச்சு, சீசனும் போச்சு. "நீ பம்பாய் ஆளு பாவு. உனக்கு என்ன புழு இருக்கப்போவுது. மூணையும் நீயே நிரப்பிக் குடுத்துடு" என்றார். அடுப்பில் நாட்டுக்கோழி கொதிக்கிற வாசனை வந்தது.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நான் பம்பாய் ஆள், எனக்கு என்ன இருக்கப்போகிறது. ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லை, பச்சைப் பொட்டு விழும், எல்லோருக்கும் ஓட்டம் இருக்கும். காலையில் ஒரே சரக்கை மூன்றாகப் பங்கிட்டு வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஊரில் இறங்கினால், வீட்டுக்காரர் சாருக்குக் கும்பிடு போடுவதற்கு முன்னால் எனக்குக் கும்பிடு போட்டார். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கோழித்துண்டாகப் பொறுக்கிப் பரிமாறினார். வசந்த் பாவு போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஊரில் எனக்கு மெத்தை போட்டார்கள். வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து பண்ணை வீடுகளில் வண்டிக்குள்தான் படுத்திருக்கிறேன். எனக்கு அந்த மேப் வேலை பிடித்துப்போய்விட்டது. ஐந்து ஊர், பதினைந்து டப்பா. அவ்வளவும் நான்தான்.

பத்து நாள் கழித்து மாட்டுங்கா வீட்டுக்கு வரச்சொல்லிப் போன் வந்தது. போனால், சார் சவரம் செய்யாமல், கண்ணெல்லாம் சிவந்து, மேப் எதிரில் நிற்கிறார். மேப்பில் ஐந்து சிவப்புப் பொட்டு.

நான் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன்.

"உக்காரு. என் ஆயுசில இப்படிப் பார்த்ததில்லை" என்றார். "அஞ்சு ஊர்லேயும் கொக்கிப்புழு. அஞ்சு ஊர்லேயும் ஏறக்குறைய ஒரே அளவு முட்டை. அது போகட்டும். அஞ்சு ஊர்லேயும் அதே மிளகாய் விதை, அதே கொண்டைக்கடலைத் தோல். ஆனா மண்ணை எடுத்துப் பார்த்தேனே, விருந்தாளிகள் இறங்கற வயல்ல ஒரு ஊர்லேயும் ஒண்ணும் இல்லை. இதுக்கு என்ன அர்த்தம்?"

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"பூமிக்கு அடியில ஒரு ஆறு ஓடறது" என்றார்.

ஐந்து ஊரையும் இணைத்து, மலைக்கு அடியில், நீல பென்சிலால் அந்த ஆற்றை வரைந்தும் வைத்திருந்தார். இரண்டு இடத்தில் கிளை பிரிந்தது. கொக்கிப்புழு காலால்தான் வரும் என்று முப்பது வருஷம் கத்தியது தப்பாம். தண்ணீரில் வருகிறதாம். சர்க்காருக்கு ஆறு பக்கத்தில் கடிதம் எழுதி, உறைக்குள் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தார். பதினோரு மணிக்கு மீனா மேடம் வருகிறார், மேப்பைக் காட்டி ஐந்து ஊரையும் இந்த சீசன் நிறுத்திவிடச் சொல்லப்போகிறேன், பிறகு தபாலாபீஸ் போகிறேன் என்றார்.

அப்போது மணி பத்தரை. காலையில்தான் வசந்த் பாவு போன் செய்து, புது ரூமுக்கு ஜன்னல் வைத்தாயிற்று, முதல் கோஷ்டி என்றைக்கு என்று கேட்டிருந்தார். நிறுத்தினால் அவருக்கு ரூம் போச்சு, எனக்கு வருஷமே போச்சு. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே வேலை போச்சு. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். சொல்லாமலே கூட இருந்திருப்பேன். அந்த ஆற்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் யோசிக்க ஆரம்பித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், ஆறும் இல்ல கீறும் இல்ல. அது நான்தான்."

அவருக்குப் புரியவில்லை.

"பதினஞ்சு டப்பாவும் என்னுதுதான் சார். அவுகளுக்குக் கூச்சம். நான் நிரப்பிக் குடுத்தேன். கொண்டக்கடல நான் தெனமும் திங்கிறது."

அடிப்பார் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் மைக்ரோஸ்கோப்பையாவது தூக்கி எறிவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மேப்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். வெறுங்கால்தான். பிறகு, "இங்கே வா" என்றார். அந்தக் கட்டைவிரல் வந்தது. இந்தத் தடவை நான் தலையைத் திருப்பவில்லை.

"சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றார். "எத்தனை நாளா மூச்சு வாங்கறது?"

"அது வயசு சார்."

"எனக்கு அறுபத்தெட்டு. எனக்கு வாங்கலையே." விரலை எடுத்துவிட்டுக் கேட்டார்: "அந்த ஊர்களுக்கு நீ சீசன் பூரா போறே. காலம்பற எங்கே போவே?"

"எங்கன போவாக. வரப்புக்குப் பின்னால, புதருப் பக்கம். கக்கூஸ் விருந்தாளிகளுக்குத்தான் சார். டிரைவருக்குத் தெறக்க மாட்டாக. எல்லா வண்டி டிரைவரும் அங்கனதான் போவாக."

"செருப்பில்லாம."

"செருப்பில்லாம."

சார் மேசைமேல் இருந்த பாரத்தை எடுத்தார். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். மறுபக்கம் திருப்பியும் பார்த்தார். "நாய்க்குக் கட்டம் போட்டேன்" என்றார். அந்தக் குரலுக்கு அவர் அடித்திருந்தாலே தேவலாம் போலிருந்தது.

மீனா மேடம் வந்து மணி அடித்தபோது சார் ஐந்து சிவப்புப் பொட்டையும் உரித்துக் கையில் வைத்திருந்தார். மேப் தப்பு, தன்னுடைய தவறு, இன்னும் மூன்று வாரம் வேண்டும் என்றார். என் பெயரை எடுக்கவில்லை. மேடத்துக்குக் கோபம். சீசன் தலைக்கு மேல் நிற்கிறது, நீங்கள் பொட்டை ஒட்டி ஒட்டி உரிக்கிறீர்களா என்றார். சார் பொட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, "இன்னொண்ணு. டிரைவருக்குக் கக்கூஸ் திறக்காத இடத்துக்கு, டப்பாவில ஒண்ணும் இல்லேன்னாலும் சிவப்புதான்" என்றார்.

"டிரைவருக்கா?"

"வாரா வாரம் அந்த மண்ணுக்கு வர்றது உங்க குடும்பங்கள் இல்லை. அவன்தான். அவனை விட்டுட்டு மேப் போட்டா அது படம், மேப் இல்லை."

மறுபடி ஐந்து ஊர், மறுபடி பதினைந்து டப்பா. இந்தத் தடவை சார் டப்பாவைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வசந்த் பாவுவின் அம்மாதான் முதலில் நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தார், இதற்குப் போய் ஏன் இத்தனை அலட்டல் என்று மகனைத் திட்டிக்கொண்டே. இரண்டு மஞ்சள், மூன்று பச்சை. மஞ்சள் விழுந்த இரண்டு இடத்திலும் டாக்டர் வந்து மாத்திரை கொடுத்தார். நாற்று நட வருகிறவர்களுக்கெல்லாம் ரப்பர் பூட்ஸ் என்றாயிற்று. பூட்ஸோடு போட்டோ நன்றாக வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்களே தவிர, வராமல் இருக்கவில்லை. வசந்த் பாவு தொழுவத்தை ஒட்டி டிரைவர்களுக்காக ஒரு கக்கூஸ் கட்டி, வாசலில் தோரணம் கட்டி, என் கையால் தேங்காய் உடைக்கச் சொன்னார். தேங்காயை உடைத்துவிட்டு, எல்லோரும் கைதட்ட நான் உள்ளே போனேன். அவ்வளவு கூட்டம் வெளியே நிற்கும்போது ஒன்றும் ஆகாது. சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

என்னைத் தனியாக டாக்டரிடம் இழுத்துப் போனார் சார். புழு மாத்திரை, அப்புறம் மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை. அந்த மூன்று மாதமும் நான் பட்ட அவமானம் கொஞ்சம் இல்லை. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகப் போகும், போகாவிட்டால் நான் மாத்திரையை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தமாம். தினமும் காலையில் போன். நான் ஓட்டிக்கொண்டிருப்பேன், போன் ஸ்பீக்கரில் இருக்கும், பின்னால் பதினைந்து பேர் பட்டாணி கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"சுடலை, கறுப்பா போறதா?"

"போவுது சார்."

"எவ்வளவு கறுப்பு? தார் மாதிரியா, காப்பிக்கொட்டை மாதிரியா?"

பட்டாணிப் பொட்டலங்கள் மூடப்படும் சத்தம் கேட்கும். அணுசக்தி நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் தமிழ்க் குடும்பம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு டப்பா கேட்டார், கொடுத்தேன். அதற்கு முந்தைய நாள் ஏணியில் நிற்காமல் ஏறிவிட்டேன் என்பது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அடுத்த வாரம் போனபோது மேப்பின் இடது பக்கம், கீழே, அரைச் சார்ட் பேப்பர் ஒன்று புதிதாக ஒட்டியிருந்தது. அவர் மேப் கல்யாணோடு முடிகிறது, தாராவிக்கு அதில் இடமே இல்லை. அதற்காக ஒரு துண்டை ஒட்டி, ரயில் லைனை இழுத்துக்கொண்டு வந்து, ஒரு சின்னச் சதுரம் போட்டு, அதில் பச்சைப் பொட்டு வைத்திருந்தார். மாமி உல்லாஸ்நகரிலிருந்து வந்தும் அந்த மேப் இறங்கவில்லை. மாமிதான் இறங்கிவந்தார்.

இப்போது சாருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஆபரேஷன் செய்தும் பெரிய பலன் இல்லை. மைக்ரோஸ்கோப் கட்டிலுக்கு அடியில் போய், டிவி மேலே வந்துவிட்டது. போன வாரம் முர்பாடு டிரிப் முடிந்து பார்க்கப் போயிருந்தேன். மேப் எதிரில் நின்று, எந்த ஊருக்குப் போய்வந்தாய், காட்டுகிறேன் என்று விரலை வைத்துத் தடவினார். மலை கிடைக்கவில்லை, ஆறு கிடைக்கவில்லை. விரல் இடது பக்கமாக இறங்கி, பசை தடித்த அந்த விளிம்பில் வந்து நின்றது.

"இது நீ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார். கால் தெரியவில்லை போலிருக்கிறது. "செருப்பு போட்டிருக்கியா?"

வாசலில் கழற்றி வைத்திருந்தேன். போய்ப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் துடைத்த தரையில் மாமி பார்க்கப் பார்க்க நடந்து வந்து, அவர் கைக்கு எட்டும் இடத்தில் நின்றேன்.